கும்பகோணம் மரத்தடிப் பட்டறையில் எங்கள் ஆம்னிக்குப் பின்பிரேக் வேலை

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் செல்லும் சாலையில், அரசலாற்றுப் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம்தான் அதற்குப் பலகை, கூரை, வாடிக்கையாளர் காத்திருக்கும் இடம் எல்லாம். சென்ற சித்திரையில் எங்கள் பழைய ஆம்னியின் பின்சக்கர டிரம் பிரேக் இரண்டையும் முழுதாகப் பிரித்து அங்கே வேலை பார்த்தோம். இரண்டு நாளில் முடியும் என்று சொன்ன வேலை நான்கு நாள் இழுத்தது; முறையான ரசீதும் கிடைக்கவில்லை. இருந்தும் அடுத்த முறையும் அங்கேதான் வண்டியை விடுவேன். அது ஏன் என்பதை, குறைகளையும் மறைக்காமல், பழைய வேனில் படுக்கை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிரேக்கின் கதை அதன் எடையில் தொடங்குகிறது. எங்களுடையது 2007-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-இல் உற்பத்தி நின்றுபோன அதே வண்டிதான். முன்னிருக்கைக்கு அடியில் 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின். அங்கிருந்து ஒரு நீளத் தண்டு பின்னோக்கி ஓடிப் பின் ஆக்ஸிலைச் சுழற்றுகிறது. பின்பக்கம் பிளேட் ஸ்பிரிங். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் பின்னிருக்கையை எடுத்துவிட்டுத் தச்சரைக் கொண்டு பிளைவுட் கட்டில் போட்டோம். கட்டிலுக்கு அடியில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒரு பெரிய பேட்டரி, 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, 5 கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு. பாதி வீட்டை ஏற்றிவிட்டாள் என்று என் மனைவியை நான் கேலி செய்வதுண்டு. அவள் கணக்கில் அது கால் வீடுகூட இல்லை.

பிரேக்கை மிதிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்வதால், எந்த வண்டியிலும் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. ஆம்னியிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற இரும்பு; மிதித்தால் அதற்குள் இருக்கும் ஷூ என்ற வளைந்த தகடு இரண்டும் விரிந்து, உட்சுவரில் உரசிப் பிடிக்கும். ஆனால் சுமையைப் பின்பக்கம் நிரந்தரமாக ஏற்றி வைத்திருக்கும் வண்டியில் பின் டிரம்களின் பங்கு கூடிவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கோ முழுக்க முழுக்க அவற்றை நம்பியே இருக்கிறது. டெல்டாவில் ஓடும் வண்டிக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே ஏற்றம், இறக்கம் என்று சொல்ல ஆற்றுக்கரையையும் பாலத்தின் இரு முனைகளையும் விட்டால் வேறு எதுவும் கிடையாது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை போய் வந்தாலும் ஹேண்ட் பிரேக்கை நம்பி வண்டியை நிறுத்த வேண்டிய கட்டாயம் ஒரு முறைகூட வராது. மிதியை நீண்ட நேரம் அழுத்தி டிரம் சூடேறும் இறக்கமும் வராது. சமதரையில் பாதி பிரேக்கே முழுப் பிரேக் போலத் தோன்றும். எங்கள் வண்டியின் கோளாறு எத்தனை காலம் அப்படி ஒளிந்திருந்ததோ, தெரியவில்லை.

அது வெளியே தெரிய வந்தது மார்கழியில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போய் வந்த பிறகுதான். வேதாரண்யத்துக்கு முன்பாக ஓரிடத்தில் மழைத்தண்ணீர் சாலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன டிராக்டரைப் பார்த்துத் துணிந்து நானும் இறக்கினேன். பின் ஆக்ஸில் முழுதும் மூழ்கும் ஆழம். கரையேறியதும் பிரேக் பிடிக்காமல் போனது எதிர்பார்த்ததுதான். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் ஷூ வழுக்கும், மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாக அழுத்திக்கொண்டே போனால் அந்தச் சூட்டில் காய்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படியே வந்தும்விட்டது. ஆனால் தை மாதத்தில் இடது பின்சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக ஈரம் கசிந்திருந்ததைக் கண்டு, வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் இடது டிரம்மை மட்டும் கழற்றி, ஷூவில் எண்ணெய் ஏறிவிட்டது என்று சொல்லி, அதன் மேல் பெட்ரோல் தெளித்துக் கொளுத்தி, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். 400 ரூபாய். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனியில் வலங்கைமான் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து வந்துவிட்ட நேரம். வழக்கம்போலச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரத்துக்கு அடியில் துவைபட விட்டிருந்தார்கள். ஓர் ஆடு குறுக்கே வந்தது. மிதியை அழுத்திய மாத்திரத்தில் வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. பின்புறம் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையின் குறுக்கே நின்றோம். ஆடு தப்பித்தது. எதிரே பேருந்து எதுவும் வராததால் நாங்களும் தப்பித்தோம். வலது பின்சக்கரம் பிடித்திருக்கிறது, இடது பின்சக்கரம் பிடிக்கவே இல்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது. என் தம்பி மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். அவன்தான் இந்த மரத்தடிப் பட்டறையைச் சொன்னான். "பெரியப்பா, அங்க அவசரப்பட்டீங்கன்னா திட்டு விழும், பரவாயில்லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னான்.

பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. வேலை பழகும் இளைஞர்கள் இருவரும் அவரை வாத்தியார் என்றே அழைக்கிறார்கள். நானும் இனி அப்படியே குறிப்பிடுகிறேன். நான் கோளாறைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே வண்டியை ஓட்டினார். ஆளில்லாத நீட்டத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சற்று வேகம் கூட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிறகு ஆற்றுக்கரைச் சாலையின் ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கைப்பிடி முழுதாக மேலே வந்தும் வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. "இத்தனை நாளா இது இப்படியா சார் இருந்திச்சு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் இரண்டு பின்சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். வலது பக்கம் சூடு, இடது பக்கம் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ச்சி. அதன் பிறகே ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார்.

டிரம் எளிதில் வரவில்லை. பழைய டிரம்மில் ஷூ உரசும் பகுதி தேய்ந்து பள்ளமாகி, விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருக்கும். விரிந்த நிலையில் இருக்கும் ஷூ அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும். நடுவில் துருவும் பிடித்திருந்தது. இப்படி மாட்டிய டிரம்மைச் சுத்தியலால் அடித்து, வார்ப்பிரும்பு விளிம்பை உடைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தினார். பிறகு டிரம்மின் முகத்தில் இதற்கென்றே இருக்கும் மரையுள்ள இரண்டு துளைகளில் போல்ட்டுகளைப் போட்டு, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என மாற்றி மாற்றி முடுக்கச் சொன்னார். கால் மணி நேரம் ஆனது. கடைசியில் டிரம் ஒரு முனகலோடு தானாக வெளியே வந்தது.

அடுத்து நடந்ததைத்தான் நான் இந்தப் பட்டறையின் தரத்துக்குச் சான்றாகச் சொல்வேன். இடது டிரம்முக்குள் எல்லாம் கறுப்புச் சேறாக இருந்தது. ஷூவும், அதன் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கும், இவற்றைத் தாங்கும் பின்தகடும் ஒரே பிசுக்கு. இங்கே கசியக்கூடிய எண்ணெய் இரண்டு: ஒன்று, மிதிக்கும்போது ஷூவைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில், மற்றது, ஆக்ஸில் குழாயின் முனையில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீலைத் தாண்டி வரும் கியர் ஆயில். தேய்ந்த லைனிங் தூளோடு கலந்துவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். வாத்தியார் டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் ஒன்றில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பின்தகட்டின் அடியில் தேங்கியிருந்ததில் ஒரு சொட்டைக் குச்சியால் தொட்டுத் தண்ணீரில் விட்டார். தூள் அடியில் இறங்க, மேலே கண்ணாடி போல ஒரு படலம் விரிந்து வானவில் நிறம் காட்டியது. பிரேக் ஆயிலாக இருந்திருந்தால் தண்ணீரோடு கலந்து காணாமல் போயிருக்கும் என்று சொல்லி, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு புது பிரேக் ஆயிலையும் இன்னொரு தம்ளரில் விட்டுக் காட்டினார்; அது கலந்தே போயிற்று. பிறகு குச்சியை என் மூக்கருகே நீட்டினார். கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி.

ஆக, கோளாறு பிரேக்கில் தொடங்கவில்லை, ஆக்ஸிலில் தொடங்கியிருக்கிறது. சீலை மாற்றினால் போதுமே என்று நான் நினைத்தேன். சீல் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடியும் இங்கே வந்து நிற்பீர்கள் என்றார். வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்ஸில் குழாயின் மேற்புறத்தில் சுண்டுவிரல் நுனி அளவே இருந்த ஒரு சிறு மூடியைத் தேடிக் கழற்றினார். அதுதான் பிரீதர். ஆக்ஸில் ஓடிச் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எங்கள் வண்டியில் அது சேறு இறுகி, களிமண் உருண்டை போல அடைத்துப்போயிருந்தது. போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீலின் பக்கம் தள்ளியிருக்கிறது. மார்கழி வெள்ளத்தில் அடைத்ததா, அதற்கு முன்பே அடைத்திருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரிலும் சேற்றிலும் இறங்குகிற டெல்டா வண்டிக்கு இதைப் பார்க்காத பின்பிரேக் சர்வீஸ் முழு சர்வீஸ் ஆகாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். ஒரு கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். ஐந்து நிமிட வேலை.

ஆக்ஸிலை உருவிப் பார்த்ததில் இடது பேரிங்கும் தேய்ந்து ஓசை தந்தது. பேரிங்கைப் பிடித்து நிற்கும் வளையம் ஆக்ஸிலின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டிருப்பதால், அதை அரவை இயந்திரத்தால் பாதி அறுத்து, உளியால் ஓர் அடி கொடுத்துப் பிளந்துதான் எடுக்க வேண்டும். அறுக்கும்போது கை தவறினால் ஆக்ஸிலிலேயே வெட்டு விழும். இந்த ஒரு வேலையை மட்டும் வாத்தியார் பையன்களிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்தார்.

வலது பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இல்லை என்பதால் அதைத் தொடாமல் விடலாமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் காசை மிச்சம் பிடிக்க நினைக்கிற யாரும் கேட்கிற கேள்விதான். ஓர் அச்சில் ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டால் வண்டி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இழுக்கத்தான் செய்யும், பிரேக் ஷூவை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திறந்து பார்த்ததில் அதுவும் நல்லதாயிற்று. வலது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் உள்ளிருந்து துருவேறிய நீர் வந்தது. இரண்டு பிஸ்டன்களில் ஒன்று அசையவே இல்லை; ஒரே ஷூதான் இத்தனை நாள் உழைத்துத் தேய்ந்திருந்தது. அதோடு, மிதிக்க மிதிக்கத் தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைத் தானாகக் குறைத்துக்கொள்ள வேண்டிய ரேச்செட் இரண்டு பக்கமும் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஹேண்ட் பிரேக் கைப்பிடி வானத்தைப் பார்த்தும் வண்டி உருண்டதற்கு அதுவே காரணம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் அத்தனை தூரம்.

வீல் சிலிண்டரில் பக்கெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ரப்பரை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. வாத்தியார் சிலிண்டரின் உட்சுவரை விளக்கு வைத்துக் காட்டினார். துரு அரித்த புள்ளிகள் விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டன. அப்படிப்பட்ட சுவரில் புது ரப்பர் சில மாதத்தில் கிழிந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் முழுச் சிலிண்டரே போட்டோம். இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். ரப்பர் தொடர்புள்ள எந்த பாகத்தையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ அவர் விடவில்லை. பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். தாது எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப்போய்விடும் என்பது எல்லாரும் அறிந்த விஷயம்தான். ஆனால் அவசரத்தில் அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் குறைவு. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திய எங்கள் பழைய ஷூவைக் கையில் எடுத்து, லைனிங்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பொரிந்த அப்பளம் போல உதிர்ந்தது. மேற்பரப்பில் எரிந்த எண்ணெய் போனாலும் உள்ளே ஊறியது ஊறியதுதான், அடுத்த சூட்டில் மறுபடியும் மேலே வரும் என்றார்.

இனி முதல் குறை. வலது டிரம்மைக் கழற்றியதும் பையன் ஒருவன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து உள்ளே இருந்த தூளை ஊதத் தொடங்கினான். மரத்தடி முழுதும் சாம்பல் நிற மேகம். அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது, அது நுரையீரலுக்குள் போனால் பிறகு வெளியே வருவதே இல்லை. நான் எழுந்து நின்று, தயவுசெய்து தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள் என்றேன். வாத்தியார் முணுமுணுத்தார். முப்பது வருடமாக இப்படித்தான் ஊதுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். ஆனாலும் வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் கழுவச் செய்தார். தம்ளரில் ஒரு சொட்டை விட்டுக் காரணம் தேடும் மனிதர், தன் பையன்கள் மூச்சில் இழுப்பதைப் பற்றி யோசிக்காதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீங்கள் அங்கே போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது குறையும் பாதுகாப்பைப் பற்றியது. வண்டியின் பின்புறத்தை ஒரே ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் செங்கல் அடுக்கி நிறுத்தினார்கள். செங்கல் சுமையில் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். நான் கேட்ட பிறகு பக்கத்து லாரிப் பட்டறையிலிருந்து இரும்பு ஸ்டாண்டு இரண்டை இரவல் வாங்கி வந்தார்கள். கேட்காமலே இருக்க வேண்டிய பொருள் அது.

டிரம்கள் இரண்டும் லேத் பட்டறைக்குப் போயின. உட்புறம் வரிவரியாகக் கீறல் விழுந்து, விளிம்பில் வரம்பும் இருந்ததால் கடைந்து சமன் செய்ய வேண்டியிருந்தது. எத்தனை கடையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான டிரம்களில் அதிகபட்ச விட்டத்தை வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள், அதைத் தாண்டினால் சுவர் மெலிந்து சூட்டில் வெடிப்பு விழும். வாத்தியார் அளந்து பார்த்து, ஒரு முறை கடையலாம், இதுவே கடைசி என்றார். தாமதம் இங்கேதான் நேர்ந்தது. டிரம்களை அனுப்பிய மறுநாள் அந்தப் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அதற்கு அடுத்த நாள் அமாவாசை, லேத்காரர் கடை திறக்கவில்லை. இரண்டும் முன்கூட்டியே தெரியக்கூடியவைதான். நாள் சொல்லும்போது நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மாட்டும் வேலை நான்காம் நாள் நடந்தது. பின்தகட்டில் ஷூ உரசி நகரும் மேடுகளில் மட்டும், தீக்குச்சி முனையால் எடுத்தது போல, சூடு தாங்கும் கிரீஸைத் தொட்டு வைத்தார். ரேச்செட்டைக் கழற்றித் துரு போகத் தேய்த்து, கையால் நகர்த்திப் பார்த்த பிறகே பொருத்தினார். ஸ்பிரிங்குகள் எல்லாம் புதிது. புது ஷூவின் லைனிங்கைத் தொடும் முன் பையன்கள் இருவரையும் கை கழுவி வரச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஓர் எண்ணெய்க் கைரேகைக்காகத்தானே இத்தனை பாடும்!

பிறகு, பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வேலை. மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கி, அடுத்து வலது பின்சக்கரம், பிறகு முன்பக்கம் என்று வரிசையாக வந்தார்கள். ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து மிதியை அடிக்க, வாத்தியார், சக்கரத்தருகே ஆயில் வெளியேறும் நிப்பிளில் மாட்டிய, உள்ளே இருப்பது தெரியும் குழாயின் மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவைத்து, "அடி... அடி... பிடி" என்று சொல்லிச் சொல்லி நிப்பிளைத் திறந்து மூடினார். முதலில் வந்தது கடுங்காப்பி நிறம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரையில் போய் உட்காரும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். எங்கள் வண்டியில் எத்தனை ஆண்டாக மாற்றவில்லை என்பதை மனைவி முன்னிலையில் நான் சொல்ல விரும்பவில்லை. அரை பாட்டில் ஓடிய பிறகு குமிழிகள் நின்று, இளம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக வரத் தொடங்கியது. ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சக்கரத்தின் பெயின்ட்டில் ஆயில் சிந்திய இடத்தில் உடனுக்குடன் ஊற்றினார்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

மறுபடியும் அதே நீட்டம், அதே ஆற்றுக்கரை ஏற்றம். இம்முறை கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும்படி சொல்லியிருந்தார். வெற்று வண்டியில் பார்ப்பது சோதனையே அல்ல என்பது அவர் கட்சி. பிரேக் நேராகப் பிடித்தது. ஹேண்ட் பிரேக் கைப்பிடியை இழுக்கும்போது வரும் ஐந்தாவது 'டிக்' சத்தத்திலேயே வண்டியைக் கரையின் சரிவில் நிறுத்திவைத்தது. என் மனைவி உள்ளே உட்கார்ந்திருக்க, நான் பின்னால் நின்று பார்த்தேன், அசையவில்லை. திரும்பி வந்ததும் சக்கரங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கும்படி என்னிடமே சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு. பேரிங் போன பக்கம் கட்டிலுக்கு அடியில் பேட்டரி இருப்பதைக் கவனித்து, அதை முன்னிருக்கைக்குப் பின்னால் நகர்த்தி வைக்கும்படியும் சொன்னார். அடுத்த வாரமே தச்சரைக் கொண்டு செய்துவிட்டோம்.

மொத்தச் செலவு 5,950 ரூபாய். அதில் கூலி 1,750. ஷூ செட், வீல் சிலிண்டர் இரண்டு, ஒரு பேரிங், இரண்டு சீல், ஸ்பிரிங்குகள், பிரேக் ஆயில், கியர் ஆயில், லேத் கூலி எல்லாம் சேர்த்து 4,200. வண்டி உற்பத்தி நின்று இத்தனை ஆண்டு ஆகியும் எந்தச் சாமானுக்கும் கும்பகோணத்தை விட்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. கம்பெனிச் சாமானா, வெளிச்சாமானா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். வீல் சிலிண்டருக்கும் ஷூவுக்கும் கம்பெனிச் சாமானே போடச் சொன்னேன். கணக்கை ஷூ வந்த அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அதுதான் ரசீது. உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, "நான் எங்க போயிடப் போறேன் சார்?" என்றார். காப்பீட்டுக்கோ வண்டியை விற்கும்போது காட்டுவதற்கோ தாள் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் கழற்றிய பழைய சாமான் அத்தனையையும், அந்த அறுத்த வளையம் உட்பட, ஒரு சாக்கில் போட்டு என்னிடம் கொடுத்தார். தைமாதப் பட்டறையில் 400 ரூபாய்க்கு நான் எதையும் பார்க்கவில்லை.

முதல் 300 கிலோமீட்டர் வரை அவசரப் பிரேக் போடாமல் லைனிங் டிரம்மோடு பதிய விடச் சொன்னார். விட்டேன். 500 கிலோமீட்டரில் ஹேண்ட் பிரேக் கேபிள் சற்றுத் தளர்ந்தது. போய்ச் சொன்னதும் பத்து நிமிடத்தில் முடுக்கிக் கொடுத்து, காசு வாங்கவில்லை. வைகாசியில் வண்டியைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. டெல்டாக்காரனுக்கு அதுவே பெரிய பரீட்சை. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வைத்து, மிதியை விட்டு விட்டு அழுத்தினேன். கருகல் நாற்றம் இல்லை, மிதி இளகவில்லை, பாதி வழியில் காப்பி போட நிறுத்திய சரிவில் வண்டி நின்ற இடத்தில் நின்றது. ஊர் திரும்பியதும் இடது சக்கரத்தின் உட்புறத்தில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். புழுதி மட்டுமே வந்தது.

போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குப் பிறகு போகலாம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வாத்தியார் மரத்தடியில் படுத்திருப்பார், அப்போது எழுப்ப வேண்டாம். உட்கார ஒரு பெஞ்சு உண்டு. கழிப்பறை இல்லை, பெண்கள் கூட வந்தால் ஊருக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது. பணத்தைக் கைபேசியில் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார். ஆக்ஸில் வேலை இருக்கும் என்று தோன்றினால் அமாவாசையை ஒட்டிய நாட்களை விட்டுவிட்டு, மின்தடை அறிவிப்பையும் பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுபோங்கள்.